மார்ட்டின் திருநாளில் வந்த மரங்கள்

லிண்டன் கன்றுகள் இலை உதிர்த்து முடித்த பிறகுதான் அவற்றைத் தோண்டி எடுக்கலாம். ஹோல்ம்ஷ்டெட் நாற்றுப்பண்ணையில் அந்த ஆண்டு தோண்டியவற்றில் ஒரு ரயில் பெட்டி நிறைய பிரான்சுக்குப் போக வேண்டியவை.

உலகப்போரில் இடித்ததற்கெல்லாம் ஜெர்மனி கொடுக்க வேண்டிய ஈட்டில் ஒரு பகுதியைப் பொருளாகவும் கொடுக்கலாம் என்று ஏற்பாடாகியிருந்தது. நிலக்கரி போயிற்று. தந்திக் கம்பம் போயிற்று. இப்போது மரம். வாங்குவது பிரெஞ்சு கிராமம், விலை கொடுப்பது பெர்லின். பண்ணை முதலாளி போர்ன்ஹோல்டுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. அவர் புது லாரி வாங்கியிருந்தார். பணத்தின் மதிப்பு சரிவது நின்றிருந்தது; வெள்ளிக்கிழமை வாங்கிய கூலி திங்கட்கிழமையும் அதே கூலியாகவே இருந்தது. நல்ல காலம் திரும்பிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பண்ணையில் வேலை செய்த ஹின்ரிக்கும் சொன்னான்.

"நாம குண்டு போட்டுச் சாய்ச்ச மரத்துக்கு நாமளே கன்னு வளத்து அனுப்புறோம்" என்றான் டோனியஸ், வேரைச் சாக்கில் சுற்றியபடி. "பேசாம வீட்லயே இருந்திருக்கலாம்."

"நீ எங்கடா குண்டு போட்ட? கீல் துறைமுகத்துல உருளைக்கிழங்குதானே உரிச்ச" என்றான் ஹின்ரிக்.

"உரிச்சவனுக்கும் சேத்துத்தான்டா கணக்கு எழுதியிருக்கான்."

போர்ன்ஹோல்ட் பாத்தி ஓரமாக வந்து நின்றார்.

"ஹின்ரிக், உனக்கு அவங்க பேச்சு வரும்ல?"

"கொஞ்சம் வரும் முதலாளி. கைதியா இருந்தப்போ கத்துக்கிட்டது."

"நடும்போது நம்ம ஆள் கூட நிக்கணும். நின்னாத்தான் உயிர் பிடிக்கும்னு நாம உத்தரவாதம் கொடுக்க முடியும். நீ போயிட்டு வந்துடு. ஏதோ மர்லிகூர்னு ஒரு ஊராம்."

ஹின்ரிக் குனிந்து கயிற்றை இழுத்துக் கட்டினான். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினான்.

"சரி முதலாளி."

"மார்ட்டின் திருநாளுக்கு இறக்கிடலாமா?"

"இறக்கிடலாம்."

அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மார்ட்டின் திருநாள்தான் கெடு. வேலையாட்கள் எஜமானை மாற்றிக்கொள்வது, குத்தகை கொடுப்பது, கொழுத்த வாத்தை அறுப்பது எல்லாம் அன்றைக்குத்தான். மரம் நடவும் அதுவே பருவம். நவம்பர் பதினொன்று என்று போர்ன்ஹோல்ட் சுண்ணாம்புக் கட்டியால் கொட்டகைக் கதவில் எழுதினார். தலையாட்டியவர்களில் ஒருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

அக்கா வீப்கெயின் வீட்டில்தான் அவன் இருந்தான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்.

"அந்த ஊருக்கா? உன்னை அடிச்சு வேலை வாங்கினாங்களே, அந்த ஊருக்கா?"

"அதே ஊருக்குத்தான்."

"வேற ஆளே இல்லியாமா? வேணாம்னு சொல்ல வாய் வரலியாடா உனக்கு?"

"சம்பளம் தர்றவர் சொல்றாரு அக்கா."

"திருநாளன்னிக்கு லீசபெத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். உனக்காகத்தான் கூப்பிட்டேன். அவ எத்தனை வருஷம்தான் காத்திருப்பா? வந்தவளுக்கு நான் யாரைக் காட்டுறது?"

"மச்சானைக் காட்டு."

மச்சான் சிரித்தார். வீப்கெ கரண்டியை ஓங்கினாள்.

போர்க்கைதி முகாமிலிருந்து வந்தவன் பசியைச் சொல்ல வேண்டும், அடியைச் சொல்ல வேண்டும். மதுக்கடையில் அதைத்தான் கேட்டார்கள். அவன் அதையே சொன்னான். அவை பொய்யும் அல்ல. கைதி என்று முதுகில் எழுத்துப் போட்ட மேலங்கியோடு மர்லிகூரில் அவன் வெடிக்காத குண்டுகளைப் பொறுக்கினான். பதுங்குகுழிகளை மூடினான். உடைந்த செங்கலையும் முழுச் செங்கலையும் தனித்தனியாக அடுக்கினான். ஊர் என்று அங்கே எதுவும் இல்லை. மேடு பள்ளமாகச் சேறு, அதன் நடுவில் தகரக் கொட்டகைகள். போர் முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அவனை அனுப்பவில்லை.

சொல்லாதது ஒன்றுதான். அந்தக் கொட்டகைகளில் ஒன்றில் எர்னஸ்தீன் இருந்தாள். புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். கைதிகளுக்குச் சோறு கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. அவள் சூப்புக் கிண்ணத்தைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அவன் வெளியே நின்று குடிப்பான். உள்ளே அவள் அவனைப் பார்க்காமல் பேசுவாள். கோழியைப் பற்றி, மழையைப் பற்றி, எங்கே சுவர் வரப்போகிறது என்பதைப் பற்றி. மாதக்கணக்கில் அவ்வளவுதான். ஒருநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அதை உடனே வாங்கவில்லை. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காவலன் இருமினான்.

விடுதலையான காலையில் லாரிகள் சொல்லாமல் வந்தன. அவள் வயலிலிருந்து ஓடி வந்தபோது அவன் ஏறிவிட்டிருந்தான்.

"உன் ஊர் எது?" என்று கத்தினாள்.

"ஹோல்ம்ஷ்டெட்."

"அங்க என்ன இருக்கு?"

"மரந்தான். நாத்துப்பண்ணை."

அவள் சிரித்தாள். லாரி கிளம்பிவிட்டது.

அவன் எழுதவில்லை. பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் ரூர் சுரங்கப் பகுதிக்குள் நுழைந்த ஆண்டில் பிரெஞ்சுப் பெண்ணுக்கு எழுதியவனை ஊர் சும்மா விட்டிருக்காது. பிறகு லொகார்னோவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜெனீவாவில் உலக நாடுகளின் சபையில் ஜெர்மனிக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். எழுதலாம் என்று ஆனபோது என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சூப்பு நன்றாக இருந்தது என்றா எழுதுவது? சேறும் தகரமுமான அந்த இடம், அவனைப் பூட்டி வைத்த அந்த இடம், வேலை நடுவில், ரொட்டி வெட்டும்போது, தேவாலயத்தில் எழுந்து நிற்கும்போது அவனைப் பிடித்து இழுத்தது. இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

மர்லிகூர் நிலையத்தில் அவன் காலையில் இறங்கினான். கன்றுகள் ஏற்றிய பெட்டி முந்தின இரவே வந்து பக்கத் தண்டவாளத்தில் நின்றது. நிலைய அதிகாரி தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் ஐயா. பனி இறங்குறதுக்குள்ள வேரை மண்ணுல வைக்கணும். மேயர் எங்க இருப்பாரு?"

"சதுக்கத்துல" என்றார் அவர். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குள் நடந்தான். செங்கல் வீடுகள், ஒரே உயரத்தில், ஒரே சிவப்பில். சன்னல்களுக்குப் பச்சைச் சாயம். தேவாலயத்துக்குப் புதுக் கோபுரம். தெருவில் கல் பாவியிருந்தது. கடைகள் சாத்தியிருந்தன. அவன் தகரக் கொட்டகையைத் தேடினான். எந்தத் தெருவில் தேடுவது என்றே தெரியவில்லை. இந்த ஊரை அவனுக்குத் தெரியாது.

சதுக்கத்தில் ஊரே கறுப்பு உடுத்தி முதுகைக் காட்டி நின்றது. நடுவில் ஒரு கல் தூண். ஒருவர் பெயர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கூட்டம் ஒரே குரலில், "பிரான்சுக்காக உயிர் கொடுத்தான்" என்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நவம்பர் பதினொன்று. போர் நின்ற நாள். இவர்கள் வென்ற நாள். அந்த நாளில் அவன் முகாம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தான், தேதி தெரியாது. அவனுடைய ஊரில் எல்லோருக்கும் ஒன்பதாம் தேதி நினைவிருந்தது, பேரரசர் கைசர் முடி துறந்த நாள். பதினொன்றை அங்கே ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அது வாத்து அறுக்கும் நாள்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பெனுவா, ஒக்தாவ்."

"பிரான்சுக்காக உயிர் கொடுத்தான்."

ஒரு பெண் முன்னால் போய்த் தூணின் அடியில் பூ வைத்தாள். திரும்பினாள். எர்னஸ்தீன். உடம்பு சற்றுப் பூசியிருந்தது. காதோரம் நரை. அவள் அவனைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே ஒரு கணம் நின்றுவிட்டு, தன் வரிசைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் மேயர் தெல்வாலிடம் போய்த் தாளை நீட்டினான். அவர் படித்தார். பக்கத்தில் ஒரு கை இல்லாதவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். பெயர் லூசியன், பதக்கங்கள் குத்தியிருந்தார்.

"ஜெர்மன்காரனா? இன்னிக்கா?"

"மன்னிக்கணும். தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாமலா!" என்றார் லூசியன். "வருஷத்துல இத்தனை நாள் இருக்கு. இதைப் பொறுக்கி எடுத்திருக்கீங்க, தெரியாமலா?"

"எங்க ஊர்ல இன்னிக்கு மார்ட்டின் திருநாள். வேலையெல்லாம் இன்னிக்குத்தான் முடிப்போம். வாத்து சமைப்போம்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"வாத்தா? கேட்டீங்களாய்யா, வாத்தாம்! நாம இங்க செத்தவன் பேரை வாசிச்சுக்கிட்டிருக்கோம், இவன் வாத்துக்கு உப்பு போட்டுக்கிட்டிருக்கான்."

யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள்.

மேயர் தாளை மடித்தார். "மரத்தை விட்டுட்டுப் போங்க. நாங்களே நட்டுக்கிறோம். சாயங்காலம் ஒரு வண்டி இருக்கு, அதுல நீங்க போயிடணும்."

"நட்டதை நான் பாக்காட்டி உத்தரவாதம் கிடையாது ஐயா."

"வேண்டாம். போரைவிடப் பெரிய நஷ்டமா அது?"

"சரி. ஆனா வேரையாவது இன்னிக்கு மண்ணுல புதைச்சு வைக்கணும். ராத்திரி உறைஞ்சுபோச்சுன்னா எல்லாம் செத்துடும்."

"இன்னிக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் உங்களுக்காக மண்வெட்டி தொட மாட்டாங்க."

"நான் ஒருத்தனே செய்வேன். ஒரு துண்டு நிலம் போதும்."

எர்னஸ்தீன் முன்னால் வந்தாள்.

"என் தோட்டம் சும்மாதான் கிடக்கு."

"எர்னஸ்தீன்" என்றார் மேயர் மெதுவாக. "இப்பத்தான் ஒக்தாவ் பேரை வாசிச்சோம்."

"நானும் கேட்டேன். நல்லாத்தான் வாசிச்சீங்க. மரம் நம்ம சதுக்கத்துக்கு வந்தது. செத்தா வெயில்ல நிக்கப்போறது நீங்கதான், இவர் இல்ல."

மேயர் தோளைக் குலுக்கினார். லூசியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்கிட்ட வண்டி இருக்கு" என்றார். "குதிரையைப் பூட்டுறேன். மரத்துக்காக வர்றேன். உனக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ."

"தெரியும் ஐயா" என்றான் ஹின்ரிக்.

அவளுடைய வீடு மூலையில் இருந்தது. கீழே காபியும் மதுவும் விற்கும் சிறு கடை, மேலே குடியிருப்பு. பின்னால் அறுவடை முடிந்த தோட்டம். லூசியன் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினார், ஒரு வார்த்தை பேசாமல். கடைசிக் கட்டை இறக்கும்போது மட்டும், "வாத்துக்கு உள்ளே என்ன வைப்பீங்க?" என்று கேட்டார்.

"ஆப்பிள்."

"ம்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

ஹின்ரிக் நீளமாகக் குழி வெட்டினான். கட்டுகளைச் சாய்த்துப் படுக்க வைத்து, வேர்மேல் மண் தள்ளினான். மண் எப்படி இருக்கும் என்று அவன் கைகளுக்குத் தெரிந்திருந்தது. கீழே போகப் போக வெளுத்து, ஒட்டும். ஊரில் அந்த ஒன்றுதான் மாறவில்லை. நடுநடுவே மண்வெட்டி இரும்பில் இடித்தது. குண்டுச் சிதறல், ஒரு வளைந்த ஆணி, தகரத் துண்டு. எடுத்து ஓரமாகப் போட்டான்.

வேலை முடியும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவள் கிண்ணத்தில் சிக்கரி காபி கொண்டுவந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள். அன்று நாள் முழுதும் இருப்பார்கள்.

"குளிருதா உங்களுக்கு?"

முன்பு அவள் அவனை 'நீ' என்றுதான் சொன்னாள். கைதியை யாரும் வேறு மாதிரி கூப்பிடுவதில்லை.

"இல்ல" என்றான். "அந்தத் தகரக் கொட்டகை எங்க இருந்துச்சு? காலையிலேருந்து தேடுறேன்."

"அதுக்குள்ளதான் நின்னுக்கிட்டிருக்கீங்க."

அவன் தன் காலடியைப் பார்த்தான். முட்டைக்கோஸ் தண்டுகள், ஈர மண்.

"சன்னல்?"

"அதோ, அந்த வேலிக்கம்பு."

இருவரும் வேலிக்கம்பைப் பார்த்தார்கள்.

"எங்க பண்ணை பேரை மேயருக்கு யாரு சொன்னது?" என்று கேட்டான்.

"நான்தான். லில் ஊர்ல ஒரு வியாபாரிகிட்ட வாங்கலாம்னுதான் இருந்தாங்க. நான்தான், ஜெர்மன்காரன் தரவேண்டியதுதானே, அவன் தரட்டும், ஹோல்ம்ஷ்டெட்னு ஒரு ஊர்ல நல்ல மரம் இருக்கு, சல்லிக்காசு செலவில்லைன்னேன். சல்லிக்காசுன்னதும் கை தூக்கிட்டாங்க."

"நான்தான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. பெட்டி மட்டும் வந்தாலும் வரட்டும்னு இருந்தேன். மூணு வாரமா நிலையத்துப் பக்கம் போறதுக்குக் காரணம் தேடிக்கிட்டிருந்தேன். கடைக்குச் சர்க்கரை இதுக்கு முன்னாடி இவ்வளவு தடவை தீந்ததில்ல." அவள் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நேத்து வரைக்கும் போனேன். இன்னிக்கு மட்டும் போகலை. இன்னிக்கு வருவீங்கன்னு எந்தப் பைத்தியம் நினைக்கும்?"

"எந்தப் பைத்தியமும் நினைக்காது."

"வாத்தாம்" என்றாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். கடைக்குள் பேச்சு நின்றது. அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

"அன்னிக்கு லாரியில ஏறுறப்போ ஒண்ணு கேட்டிருக்கணும் நான்" என்றான்.

"கேட்டிருந்தா வந்திருப்பேன்."

மழை வரும் என்று சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். அவன் காபியைக் குடித்தான். சூடு இருந்தது, சுவை தெரியவில்லை.

"அன்னிக்கு என்கிட்ட என்ன இருந்துச்சு?" என்றாள். "நாலு கோழி. அதையும் பக்கத்துக் கொட்டகையில விட்டுட்டு ஏறியிருப்பேன். அவங்க என்னை ஏசியிருப்பாங்க. ஏசட்டும். போறதுக்கு எதையும் பூட்ட வேண்டியதில்ல."

"இப்ப கேட்டா?"

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புச் செங்கல், பச்சைச் சன்னல்.

"இப்ப இது இருக்கு. ஒவ்வொரு கல்லுக்கும் மனு போட்டு, வரிசையில நின்னு வாங்கினேன். அதுல பாதி நீங்க அடுக்கினதுதான். அப்புறம் அவர் பேரு தூண்ல இருக்கு. அவருக்கு அம்மா அப்பா இல்ல, கூடப்பிறந்தவங்க இல்ல. பூ வைக்க நான் ஒருத்திதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க இங்க வந்துடுவீங்களா?"

அவன் சதுக்கத்தை நினைத்தான். அடுத்த வருடம் இதே நாளில் அந்தக் கூட்டத்தில் எந்த வரிசையில் நிற்பது? துப்பியவனுக்குக் கடையில் யார் கோப்பை எடுத்து வைப்பது? போர்ன்ஹோல்ட் வசந்தத்தில் அவனைக் கங்காணியாக்குவதாகச் சொல்லியிருந்தார். புதுப் பாத்திகள் அவன் கையால் போட்டவை. லீசபெத் இப்போது அக்கா வீட்டில் உட்கார்ந்து வாத்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். லாரி ஏறிய அன்றைக்கு அவனிடமும் ஒன்றும் இருக்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் இறங்கியிருப்பான்.

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். அவள் மறுபடி கேட்கவில்லை.

"வழியில கெட்டுப்போகும்னு ரெண்டு கன்னு கூடுதலா வச்சிருக்கோம்" என்றான். "எதுவும் கெடல. ஒண்ணை இங்க நட்டுட்டுப் போறேன். வேணுமா?"

"எங்க நடுவீங்க?"

"நீங்க சொல்ற இடத்துல."

அவள் வேலிக்கம்பின் பக்கம் போகவில்லை. சமையலறைக் கதவிலிருந்து நேரே நடந்து, கையைத் துடைத்துக்கொண்டே ஓரிடத்தில் நின்றாள். "இங்க. பாத்திரம் கழுவுறப்போ தெரியும்."

அவன் குழி வெட்டினான். கன்றுகளில் நேராக இருந்த ஒன்றை எடுத்து, அடிபட்ட வேர் நுனிகளைக் கத்தியால் நறுக்கினான்.

"ஒருத்தர் பிடிச்சுக்கணும்" என்றான். "ஒருத்தர் மண் போடணும்."

அவள் இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தாள். அவன் மண்ணை உதிர்த்து உதிர்த்துப் போட்டான்.

"லேசா ஆட்டுங்க. அப்பத்தான் வேருக்கு நடுவுல மண்ணு இறங்கும்."

ஆட்டினாள்.

"போதும். கொஞ்சம் மேல தூக்குங்க. அப்படியே."

குனிந்து கையால் மண்ணை அழுத்தினான். எழுந்து காலால் சுற்றி மிதித்தான். ஒரு சுற்று மிதித்தபோது அவன் தோள் அவள் கையில் பட்டது. அவள் கையை நகர்த்தவில்லை. கடையில் யாரோ காசை மேசையில் தட்டிக் கூப்பிட்டார்கள்.

"வர்றேன்" என்று குரல் கொடுத்தாள். போகவில்லை.

"சாயாதுல்ல?" என்று கேட்டாள்.

"சாயாது. மொதல் வருஷம் ஒரு குச்சி கட்டி வைங்க. இலை கொஞ்சம்தான் வரும், பயப்படாதீங்க. ரெண்டாவது வருஷம் நல்லா வரும்."

"தண்ணி?"

"வறண்டா மட்டும்."

நிலையத்துப் பக்கம் ரயில் ஊதல் கேட்டது. அவன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டினான். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"விட்டுடலாம்" என்றான். "நின்னுடுச்சு."

அவள் தண்டைப் பிடித்தபடியே நின்றாள். அவன் இன்னொரு முறை சொல்லவில்லை.